மரத்துப்போன வீணை

அம்மாவின் வீணையில் தார ஸ்தாயி மெட்டுகள், அதாவது மேல் சுரங்களுக்காகத் தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள், கரகரக்கத் தொடங்கியது 2009ஆம் ஆண்டு ஐப்பசியில். மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும், தை பிறந்தால் சரியாகிவிடும் என்று அம்மா விட்டுவிட்டாள். தை பிறந்தது, கரகரப்பு போகவில்லை. ஒரு நாள் இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்து, குதிரைக்கு (தந்திகள் ஏறிச் செல்லும் கட்டைக்கு)ப் பக்கத்தில் மேல்பலகையின் குறுக்கே செங்குத்தாக நிறுத்திப் பார்த்தேன். ஸ்கேலுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி அந்த இடைவெளியில் நுழைக்க முடிந்தது. குதிரை நிற்கும் இடத்தில் பலகை உள்வாங்கியிருந்தது. குதிரை தாழ்ந்தால் தந்தியும் தாழும். தாழ்ந்த தந்தி, வீணையின் உருண்டை வயிறான குடத்துக்கு அருகிலுள்ள மெட்டுகளில் உரசும். கரகரப்பின் காரணம் அவ்வளவுதான்.

அந்த வீணை 1964இல் தாத்தா தஞ்சாவூரில் சொல்லிச் செய்து வாங்கியது. பலா மரம். அம்மா அதில்தான் கற்றுக்கொண்டாள், பிறகு அதில்தான் கற்றுக்கொடுத்தாள். நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஏழு தந்திகளின் அழுத்தத்தைத் தாங்கிய பலகை கொஞ்சம் இறங்கியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் ஊரிலேயே ஒருவரிடம் பழுதுபார்க்கக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. பழைய மேல்பலகையை எடுத்துவிட்டுக் கனமான புதுப் பலகை பொருத்தி, அதன் அடியில் குறுக்காக இரண்டு சட்டங்களும் கொடுத்திருந்தார். "இனிமேல் இதன்மேல் ஏறி நின்றாலும் இறங்காது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அம்மா சுருதி சேர்த்துவிட்டு முதல் தந்தியான சாரணியை மீட்டி, காந்தாரத்தை ஒரு முறை அசைத்தாள். சுரம் பிசகவில்லை, கரகரப்பும் இல்லை. ஆனால் நாதம் சிறுத்துப்போயிருந்தது. அசைவின் முதல் பாதி கேட்டது. பிற்பாதி விரலில் இருந்தது, காதுக்கு வரவில்லை. மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரத்தை மீட்டியபோது பக்கத்து அறையில் யாரோ மீட்டுவதுபோல் இருந்தது. அம்மா வீணையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, "மரத்துப்போய்விட்டதுடா" என்றாள்.

உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகும்போது சொல்லும் அதே சொல். மரம்போல் ஆகிவிடுவது, உணர்ச்சி அற்றுப்போவது. மரத்தாலேயே செய்த ஒரு பொருளைப் பார்த்து அது மரமாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதன் பொருள் என்ன? அப்படியென்றால் அதற்கு முன்பு அது என்னவாக இருந்தது? என்னை மரவேலைக்குள் இழுத்துவிட்டது இந்தக் கேள்விதான்.

இழைப்புளி பிடிக்க எனக்கு முன்பே தெரியும். வீட்டுக்கு வேண்டிய அலமாரி, ஊஞ்சல் பலகை எல்லாம் நானே செய்வேன். ஆனால் வீணை செய்வது அலமாரி செய்வதுபோல் இல்லை; அதன் அளவுகள் புத்தகத்தில் இல்லை, செய்கிறவர் கையில் இருக்கின்றன. கிதாருக்கு அளவோடு வரைபடங்கள் அச்சில் கிடைக்கின்றன. எனவே கிதாரில் தொடங்கினேன்.

முதல் கிதாரை ஓர் அலமாரிக்காரன் செய்வதுபோலவே செய்தேன். இரும்புத் தந்தி கிதாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் அந்தப் பலகையைப் பிடித்துத் தொங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கப்போகும் ஸ்ப்ரூஸ் மரப் பலகையோ காற்றடித்தால் பறக்கும்போல் இருந்தது. வழக்கமாக அதை மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சீவுவார்கள். எனக்கு மனம் வரவில்லை, நான்கு மில்லிமீட்டரில் நிறுத்திக்கொண்டேன். அடியில் ஒட்டும் சட்டங்களையும் சற்றுப் பருமனாகவே விட்டேன். கிதார் இன்றுவரை அசையாமல் இருக்கிறது. அதன் ஒலி மூடிய பெட்டிக்குள் கடிகாரம் அடிப்பதுபோல் இருக்கும்.

ஒரு மில்லிமீட்டர் கூடுதலால் இவ்வளவு கெடுமா என்று அப்போது நம்ப முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மூன்றை நான்காக்கினால் எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். விறைப்போ ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். இறங்கும்போதும் இதே கணக்குத்தான்: தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். கடைசி சில சீவல்களில் கருவி செய்பவர்களின் கை ஏன் அவ்வளவு நிதானப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை. மீட்டிய தந்தியில் இருக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். தந்தி மெல்லியது, அதனால் நேரடியாகக் காற்றைத் தள்ள முடியாது. பலகையை அசைத்து, பலகை காற்றைத் தள்ள வேண்டும். அசைய மறுக்கும் பலகையிடம் தந்தி எவ்வளவு சொன்னாலும் வீண்.

பாடம் கற்றுவிட்டேன் என்ற தெம்பில் இரண்டாவது கிதாரின் பலகையை இரண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுபோனேன். சட்டங்களையும் இழைத்து ஒடுக்கினேன். தந்தி கட்டிய முதல் நாள் அது கொடுத்த ஒலியை என்னால் மறக்க முடியாது. தொட்டால் பேசியது. நான்கு மாதம் கழித்து அதன் மேல்பலகை, குதிரைக்குப் பின்னால் வயிறுபோல் உப்பியும் முன்னால் குழிந்தும் போயிருந்தது. கிதாரின் குதிரை பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. தந்திகள் அதன் தலையைப் பிடித்து முன்னால் இழுக்கின்றன, அது பலகையையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கிறது. கடைசியில் உள்ளே ஒரு சட்டம் 'டக்' என்ற ஓசையோடு விட்டுப்போனது. இரவு பதினோரு மணி இருக்கும். மாடியில் படுத்திருந்த எனக்கு அது கீழேயிருந்து கேட்டது.

அந்த இரண்டு தோல்விகளுக்கு நடுவே எங்கோ ஓர் இடம் இருக்க வேண்டும். அதைத் தேடியபோதுதான், எனக்கு முன்னே எத்தனை பேர் இதே இடத்தைத் தேடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ தே தொர்ரெஸ் 1862இல் ஒரு கிதார் செய்தார். மேல்பலகை மட்டும் மரம். பக்கமும் முதுகும் காகித அட்டை. ஒலியைச் சமைப்பது மேல்பலகைதான் என்று காட்டுவதற்காகவே அப்படிச் செய்தார். அந்தக் கிதார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெல்லிய பலகைக்கு அடியில் விசிறி மடிப்புபோல் விரியும் ஏழு ஒடிசலான சட்டங்களைப் பொருத்துவது அவர் நிலைநிறுத்திய முறை. அதில் உள்ள நுட்பம் எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும். உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்காகும். ஆகவே சட்டம் ஒல்லியாகவும் உயரமாகவும் இருந்தால், எடையை ஏற்றாமல் வலுவை ஏற்றலாம். நான் என் முதல் கிதாரில் அகலத்தைக் கூட்டி வைத்திருந்தேன்: பாரம் வந்தது, பலம் வரவில்லை.

அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனத்தின் கதை இதைவிடச் சுவையானது. சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் குறுக்கே பொருத்தும் முறையை அவர்கள் 1840களில் கொண்டுவந்தார்கள். அது விலங்குக் குடலால் செய்த தந்திகளின் காலம். 1920களில் இரும்புத் தந்தி வந்தபோது அந்தக் குறுக்குச் சட்டங்களே அதன் இழுப்பையும் தாங்கின. சட்டங்களின் முதுகை ஆங்காங்கே குடைந்து இலேசாக்குவது அவர்களின் வழக்கம். வாசிப்பவர்கள் மேலும் மேலும் கனத்த தந்திகளைக் கட்ட, பலகைகள் உப்பத் தொடங்கின. 1944இல் குடைவதையே நிறுத்திவிட்டார்கள். கிதார்கள் பிழைத்தன. ஆனால் வாசிப்பவர்கள் பழைய கிதார்களைத் தேடிப்போய் வாங்க ஆரம்பித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல், குடைந்த சட்டம் புதிய கிதார் ஒன்றில் திரும்பி வந்தது. எங்கள் ஊர்ப் பழுதுக்காரர் மூன்று வாரத்தில் செய்ததை ஒரு பெரிய நிறுவனம் முப்பது ஆண்டு செய்திருக்கிறது என்று தெரிந்தபோது அவர்மேல் இருந்த கோபம் எனக்குத் தணிந்துவிட்டது. உடைந்த கருவியோடு வருபவர் பழுதுக்காரரைத் திட்டுவார். ஊமைக் கருவியை வைத்திருப்பவர் தன் விரலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். கருவி செய்கிறவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வயலினைப் பற்றி ஒன்று மட்டும். அதன் வயிற்றுக்குள் மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில், பசையே இல்லாமல், பென்சில் பருமனில் ஒரு குச்சி நிற்கிறது. பார்த்தால் வெறும் முட்டுக்கால். அதை எடுத்துவிட்டுத் தந்தியை இறுக்கினால் பலகை இறங்கிவிடும். ஆனால் அந்தக் குச்சியை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் வயலினின் குரலே மாறிவிடும். இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அதை 'ஆன்மா' என்று அழைக்கிறார்கள். வலுவுக்கென்று ஒரு துண்டு, நாதத்துக்கென்று ஒரு துண்டு என்று பிரித்து வைக்க வழியே இல்லாத ஒரு வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் தெரியவில்லை.

2014இல், மூன்றாவது கிதார் ஓரளவு கைகூடிய பிறகு, அம்மாவின் வீணையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. நான் போன பட்டறையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை; பலா மரத்தின் விலையைப் பற்றிப் பேசினார்கள். பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வீணையை வாங்கித் தரையில் வைத்து, நடுவிரல் கணுவால் மேல்பலகையை மூன்று இடங்களில் தட்டினார்.

"இது கதவுப் பலகை, தம்பி" என்றார்.

பழைய காலத்தில் வச்சிரம் என்ற விலங்குத் தோல் பசையைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். சூடு காட்டினால் இளகி விட்டுவிடும். இந்தப் பலகையை வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அது விடவில்லை. குடத்தின் விளிம்பு பெயராமல் அதை உளியால் சிறிது சிறிதாகச் செதுக்கி எடுக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. வச்சிரம் வெள்ளைப் பசையைவிட வலுக்குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். கழற்ற முடிவது ஒரு பலவீனமா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். நூறு ஆண்டு வாழப்போகும் கருவியை நான்கு முறையாவது திறக்க வேண்டிவரும்.

புதுப் பலகைக்குப் பரணிலிருந்து பழைய பலாத் துண்டு ஒன்றை எடுத்தார். பண்ருட்டிப் பக்கத்து மரம், எத்தனையோ ஆண்டாகக் காய்ந்தது. கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவுக்கு நாதம் அதிகம் என்று அந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. இது அப்படிப்பட்டதா என்று கேட்டேன். "எந்த மரமென்றாலும் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தேன். பலகையின் ஓரத்தில், மொத்த நீளத்தில் கால் பங்கு வரும் இடத்தில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இலேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் தட்டினார். 'டொக்' என்றது. தரையில் கவிழ்த்துப் போட்டு இழைப்புளியால் நான்கைந்து தள்ளு தள்ளினார். மஞ்சள் சீவல்கள் சுருண்டு விழுந்தன. மறுபடி தூக்கினார், தட்டினார். மறுபடி கவிழ்த்தார். ஒரு கட்டத்தில் 'டொக்' என்பதன் முனையில் ஒரு சின்ன 'ங்' ஒட்டிக்கொண்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் கையின் வேகம் பாதியாயிற்று. பென்சிலை எடுத்து, குதிரையின் கால்கள் வரும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதற்குமேல் அந்த வட்டத்துக்குள் இழைப்புளி போகவேயில்லை. வட்டத்திலிருந்து ஓரம் நோக்கிச் சரிவாகச் சீவிக்கொண்டே போனார். கடைசியில் நான் அளந்து பார்த்தபோது நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அவர் எந்த அளவுகோலையும் தொடவில்லை.

அடியில் சட்டம் வேண்டாமா என்று கேட்டேன்.

"எதற்கு?"

"பழையபடி பள்ளம் விழுந்துவிட்டால்?"

"விழட்டும். சுமையே தெரியாத பலகைக்குத் தந்தி சொல்வது மட்டும் எப்படித் தெரியும்?"

அப்படியானால் இன்னும் சன்னமாகச் சீவலாமே என்று என் இரண்டாவது கிதாரை நினைத்துக்கொண்டு கேட்டேன். அவர் சிரித்தார். மறுநாள் பதில் சொல்லாமல் செய்தே காட்டினார். பட்டறை மூலையில் கிடந்த ஒரு பழைய வீணையை, யாரோ பயிற்சிக்காகப் பலகையை மிகவும் இழைத்துவிட்ட வீணையை, எடுத்து மீட்டச் சொன்னார். ஒலி பாய்ந்து வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. இலேசான பலகை தந்தியின் ஆற்றலை ஒரே மடக்கில் வாங்கிச் செலவழித்துவிடுகிறது. கிதாரில் பெரும்பாலும் ஒரு மீட்டுக்கு ஒரு சுரம்தான். அடுத்த சுரத்துக்கு அடுத்த மீட்டு. வீணையில் ஒரே மீட்டில் நான்கு சுரங்களைத் தொட்டு இறங்க வேண்டும். அந்த நான்காவது சுரம் வரைக்கும் பலகை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க வேண்டும். எவ்வளவு மெல்லியது போதும் என்பதைத் தச்சனோ கணக்கோ முடிவு செய்வதில்லை. நம் இசை முடிவு செய்கிறது. இந்த ஒன்றை அறிய எனக்கு ஐந்து ஆண்டும் மூன்று கிதாரும் தேவைப்பட்டன.

மெட்டுகள் அமர்ந்திருக்கும் நீண்ட கழுத்தான தண்டியைப் பற்றியும் அன்றைக்குத்தான் புரிந்தது. வீணைத் தண்டி ஏன் அவ்வளவு பருமனாக இருக்கிறது? சாரணியைப் பக்கவாட்டில் இழுப்பதில்தான் பல கமகங்கள், அதாவது சுரத்தின் அசைவுகள், பிறக்கின்றன. ஒரே மெட்டில் வைத்த விரலால் ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்யமத்துக்கு இழுத்தால் அதிர்வெண் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் ஏறுகிறது. தந்தியின் இறுக்கம் அந்த விகிதத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏற வேண்டும்: ஒன்பதுக்குப் பதினாறு. அதாவது அந்தக் கணத்தில் அந்தத் தந்தி ஏறக்குறைய எண்பது சதவீதம் கூடுதலாக இழுக்கிறது. ஒவ்வொரு அசைவிலும் இது ஏறி இறங்குகிறது. தண்டி அதற்கு வளைந்து கொடுத்தால் மற்றத் தந்திகளின் சுருதி கூடவே தள்ளாடும். ஆகவே பலகை இளக வேண்டிய கருவியில் தண்டி இளகக் கூடாது. குடைந்த தண்டி எடையைக் குறைக்கிறது; அதன் ஆழமும் மேலே மூடும் பலகையும் சேர்ந்து விறைப்பைக் கொடுக்கின்றன.

என்ன செய்தாலும் பல ஆண்டுகளில் தண்டி ஒரு துளி கூன் போடும். அதற்கு மெழுகு இருக்கிறது. தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்து இளக்கி, தண்டியின் இரண்டு ஓரத்திலும் சட்டம்போல் வார்த்து, அதன்மேல் 24 மெட்டுகளையும் பதித்து மேளம் கட்டுகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்லப்படும் அமைப்பு இது. ஒவ்வொரு மெட்டையும் தனித்தனியே உயர்த்தலாம், தாழ்த்தலாம், நகர்த்தலாம். தண்டி கூன் போட்டால் மெழுகைச் சுரண்டிவிட்டு மறுபடி மேளம் கட்டினால் போதும். மரம் காலத்தோடு அசையும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு முன்கூட்டியே இடம் விட்ட வடிவம். கிதாரின் கழுத்துக்குள் இரும்புக் கம்பி புதைத்துத் திருகி நிமிர்த்தும் முறையைப் பார்த்து வியந்தவன் நான். மெழுகைப் பார்த்த பிறகு அந்த வியப்பு பாதியாகிவிட்டது.

ஏகாண்ட வீணை பற்றி என் கருத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தது என்றால் விலை ஏறுகிறது, மதிப்பு ஏறுகிறது. ஒட்டே இல்லை என்பதால் ஒட்டு விடாது. அது பெரிய நன்மைதான். ஆனால் ஒரே கட்டையில் குடத்துக்கு ஏற்ற மரமும் தண்டிக்கு ஏற்ற நேரான ரேகையும் சேர்ந்து அமைவது அபூர்வம். தண்டியில் ரேகை கோணலாக ஓடினால், அது ஒரே மரமாக இருந்தும் அங்கேதான் வளையும். ஒட்டு வீணையில் அந்தந்த உறுப்புக்கு அந்தந்த மரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நல்ல கை ஒட்டிய ஒட்டு வீணையை நான் இரண்டாம்தரம் என்று சொல்லமாட்டேன்.

பலகை முடிந்த பிறகு குதிரைக்கு அரை நாள் போயிற்று. அதன்மேல் உள்ள வெண்கலத் தகட்டின் முதுகு இலேசாக வளைந்திருக்கும். தந்தி ஒரு முனையில் சட்டென்று விலகாமல், தகட்டை ஒட்டிப் படிந்து மெல்ல எழ வேண்டும். திருச்சியில் பிறந்த சி.வி. இராமன் 1921இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதாரணத் தந்தியை அதன் நடுவில் மீட்டினால், அங்கே கணு (அசையாத புள்ளி) உள்ள உபசுரங்கள், அதாவது மூலச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரங்கள், எழ வழியில்லை. வீணையிலும் தம்புராவிலும் அவை எழுகின்றன. அந்த வளைந்த தகடுதான் அதற்குக் காரணம் என்று அவர் காட்டினார். பெரியவர் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, ஒரு மீட்டு, மறுபடி இரண்டு இழுப்பு என்று போய்க்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் ஒலியைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிபோல் ஏதோ வந்து சேர்ந்தது. அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது பல பட்டறைகளில் மேல்பலகை கனமாகி வருவதைப் பார்க்கிறேன். மேடையில் எல்லாரும் ஒட்டு மைக் வைத்து வாசிக்கிறார்கள்; ஒலிபெருக்கி இருக்கும்போது பலகை எதற்குப் பாடுபட வேண்டும்? கப்பலில் போனாலும் விமானத்தில் போனாலும் உடையாத வீணை வேண்டும் என்று கேட்கிறார்கள், செய்து தருகிறார்கள். அவர்களின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டுக் கூடத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு பேருக்காக வாசிக்கும் வீணையும் அப்படியே ஆகிவிடக் கூடாது என்று கவலைப்படுகிறேன். அந்தக் கூடத்தில் வளர்ந்தவன் நான்.

வீணை வீட்டுக்கு வந்த அன்று அம்மா சுருதி சேர்க்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். தந்தியை இறுக்கும் பிரடைகளைத் திருகித் திருகி விட்டாள். பிறகு அதே காந்தாரத்தை எடுத்து அசைத்தாள். முடியும்வரை கேட்டது. முடிந்த பிறகு, குடத்தின்மேல் வைத்திருந்த அவள் முன்கையில் இன்னும் கொஞ்சம் இருந்ததாகச் சொன்னாள்.

கிளம்பும்போது பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார்: "இருபது வருஷத்தில் மறுபடி இறங்கும். அப்போது நான் இருக்கமாட்டேன். வச்சிரத்தில்தான் ஒட்டியிருக்கிறேன், திறப்பவர் சிரமப்படமாட்டார்." அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், அந்த இரும்பு ஸ்கேலைக் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். சென்ற வாரம் பார்த்தபோது வெளிச்சம் ஒரு கோடுபோல் தெரிந்தது. நாணயம் நுழையவில்லை, தபால் அட்டை நுழைந்தது. தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.